ஜப்பானியக் கத்திக்குப் புதுப் பிடி: பசை ஊற்றும் முன் நேர் பார்ப்பது எப்படி

பிடி மாற்றப் போகிறவருக்கு எந்த மரம், பிடியின் முன்முனைக்கு எந்தப் பூண், எந்தப் பசை என்கிற யோசனைதான் முதலில் வரும். ஆனால் கத்தி கையில் ஒழுங்காக உட்காருமா என்பது அலகும் பிடியும் ஒரே நேரில் நிற்பதைப் பொறுத்தது. நான் முதன்முதலில் பிடி மாற்றியது ஒரு 210 மி.மீ. க்யூட்டோவுக்கு, அதாவது எல்லா வேலைக்குமான ஜப்பானியச் சமையலறைக் கத்திக்கு. பசை காய்ந்த மறுநாள் பலகையில் வைத்து ஒரு கேரட்டை வெட்டினேன், துண்டுகள் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து விழுந்தன. தீட்டியதில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி தீட்டினேன், மாற்றமே இல்லை. அப்புறம் பிடியின் பின்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது: அலகு பிடிக்குள் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. ஆசையாகத் தேர்ந்தெடுத்த மரத்தை உளி வைத்துப் பிளந்துதான் அதைக் கழற்ற முடிந்தது. அதனால் இங்கே மரத்தையும் மெருகையும் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நேர் பார்ப்பதைப் பற்றித்தான்.

நான் பேசுவது ஜப்பானிய வகைப் பிடியை, அதாவது 'வா' பிடியை. அதில் ஆணி கிடையாது. அலகின் பின்னால் நீண்டிருக்கும் ஒல்லியான இரும்பு வால் மரத்துக்குள் செருகப்பட்டு நிற்கும். அந்த வாலை ஜப்பானில் நாக்ககோ என்கிறார்கள், நான் வால் என்றே சொல்கிறேன். அலகு வாலாகக் குறுகும் இடத்தில் ஒரு படி போல இருக்கும், அது மாச்சி. அந்தப் படிக்கும் பூணுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவது பல கத்திகளில் வழக்கம், அதைப் பிழை என்று நினைத்து மூடிவிட வேண்டாம்.

கத்தித் தொழிலுக்குப் பெயர்போன சாக்காய் நகரத்தில் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் இன்னொருவர். பிடி போடுவதைத் தனி வேலையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பிடியைச் செருகிப் பார்த்து, எடுத்து, மறுபடி செருகிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் நன்றாகத் தெரியும்.

கோணல் மூன்று விதம்

முதலாவது, மேலிருந்து பார்க்கும்போது அலகு இடமோ வலமோ ஒதுங்கிப் போவது. இரண்டாவது, பக்கவாட்டில் பார்க்கும்போது நுனி மேலேயோ கீழேயோ சாய்வது. மூன்றாவது முறுக்கு: பிடியின் மேல்பட்டை வானத்தைப் பார்க்க, அலகின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நேராகக் கீழே பார்க்காமல் கொஞ்சம் ஒருக்களித்திருப்பது. கண்ணுக்கு முதலில் படுவது முதல் வகை. கைக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது. எண்கோணப் பிடியிலும் D வடிவப் பிடியிலும் விரல்கள் பட்டையைத் தேடிப் போய் உட்காருகின்றன. பட்டை சொல்கிறபடி மணிக்கட்டு திரும்பும், அலகும் கூடவே திரும்பும். உருண்டைப் பிடியில் தப்பித்துக்கொள்ளலாம், பட்டையுள்ள பிடியில் முடியாது.

எவ்வளவு கோணல் என்றால் எவ்வளவு பாதிப்பு? 240 மி.மீ. அலகு 1 டிகிரி ஒதுங்கினால் நுனியில் 4 மி.மீ.க்குச் சற்று அதிகமாக விலகும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் 50 மி.மீ. உயரமுள்ள அலகில் 2 டிகிரி முறுக்கு இருந்தால் வாய் விலகுவது சுமார் 1.7 மி.மீ.தான். கண்ணுக்கு எளிதில் படாது, ஆனால் வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் தெரியும். அதனால்தான் முறுக்கைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் அலகு நேராக இருக்கிறதா

கையால் அடித்த கத்தியில் அலகே கொஞ்சம் வளைந்திருப்பது சகஜம். வளைந்த அலகோடு பிடியை நேராக்கப் பார்த்தால் முதுகுக்கு நேர் பார்ப்பதா, நுனிக்கா, வாய்க்கா என்று குழம்பிப் போவீர்கள். பிடி இல்லாத நிலையிலேயே முதுகை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், பிறகு திருப்பி வாயைப் பாருங்கள். வளைவு அதிகமாக இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பழக்கமில்லாதவர் கையால் வளைத்து நிமிர்த்தப் பார்த்தால், அதுவும் முழுக்கக் கடினமான ஒரே எஃகாலான அலகு என்றால், ஒடிந்துபோகும் ஆபத்து உண்டு. தெரிந்தவரிடம் கொடுங்கள். மிகச் சிறிய வளைவு என்றால் அப்படியே விட்டுவிட்டு, அலகின் பின்பாதியில் வாய் போகும் கோட்டை உங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்வது வாய்தான்.

வாலை மட்டும் ஒருபோதும் அளவுகோலாக எடுக்காதீர்கள். நன்றாகச் செய்த கத்தியிலும் வால் லேசாக ஒரு பக்கம் போயிருக்கும், அல்லது முதுகுக்கோட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கும். அது மரத்துக்குள் மறையப் போவதால் செய்தவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். வால் பொதுவாக மெத்தென்ற இரும்பு, வைஸில் மரக்கட்டைகளுக்கு நடுவே பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். ஆனால் சில கத்திகளில் வால் தனியாகச் செய்து பற்றவைக்கப்பட்டிருக்கும். கழுத்தருகே பற்றவைத்த தழும்பு தெரிந்தால் வளைக்க வேண்டாம், பிடியின் துளையை வாலுக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம்.

பழைய பிடியைக் கழற்றுவது

வாயின் மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் தடிமனான அட்டை. இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பசையில்லாமல் இறுக்கத்தில் நிற்கும் பிடி என்றால், ஒரு கெட்டியான மரத்துண்டை அலகை ஒட்டினாற்போல் வைத்து, அதன் முனையைப் பூணின் முகத்தில் ஊன்றி, மறுமுனையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் இரண்டு தட்டு என்று மாறி மாறித் தட்டினால் பிடி பின்னால் நகரும். எபாக்சி போட்டதென்றால் சூடு தேவை. சாதாரண எபாக்சி 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இளகத் தொடங்கும். ஆனால் அலகில் சூடு ஏறினால் எஃகின் கடினம் போய்விடும், அதனால் அலகை ஈரத்துணியால் சுற்றி வைத்துக்கொண்டு பிடிக்கு மட்டும் சூடு காட்டுங்கள். எருமைக்கொம்புப் பூண் சூட்டில் வெடிக்கும், அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மிகவும் நிதானமாகப் போக வேண்டும். பழைய பிடி வேண்டாம் என்றால் உளி வைத்துப் பிளந்துவிடுவதே அலகுக்கு நல்லது.

கழற்றியதும் வாலில் இருக்கும் துருவையும் பழைய பசையையும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

துளை

முறுக்கு பெரும்பாலும் துளையில்தான் பிறக்கிறது. பூணின் வாயிலுள்ள செவ்வகத் துளை பிடியின் நடுக்கோட்டிலிருந்து சற்றுச் சாய்ந்திருந்தால் அலகும் அப்படியேதான் நிற்கும். துளையோடு வாங்கிய பிடியில்கூட இதைச் சரிபாருங்கள். துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், எண்கோணப் பிடியில் ஒரு சுலபமான வழி உண்டு: மேல்பக்கத்தைக் கீழாகத் திருப்பிச் செருகிப் பாருங்கள். இரண்டு நிலைகளில் ஒன்று மற்றதைவிட நன்றாக இருக்கலாம், ஆனால் முறுக்கு இதனால் மாறாது. D வடிவப் பிடியில் இது நடக்காது. அதன் மேடு வலதுகைக்காரருக்கு வலப்பக்கமும் இடதுகைக்காரருக்கு இடப்பக்கமும்தான் வர வேண்டும்.

நீங்களே துளை போடுவதென்றால், பிடியின் மேல்பட்டையிலும் கீழ்பட்டையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூண் பக்கத்து நடுப்புள்ளியையும் பின்முனை நடுப்புள்ளியையும் இணைத்து பென்சில் கோடு போடுங்கள். பிடி பூணருகே ஒல்லியாகவும் பின்னால் பருத்தும் இருப்பதால், ஓரத்தை வைத்து நேர் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நடுக்கோடு ஒன்றுதான் பொய் சொல்லாது. இந்தக் கோடுகளைப் பூணின் முகத்திலும் இறக்கிக்கொண்டு, அதன்மேல் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, நடுவில் இருக்கும் சுவர்களை ஒல்லி அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். மரத்தின் முனையிலிருந்து நீளவாக்கில் துளைக்கும்போது ட்ரில் பிட் மரத்தின் நாரைப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்க்கும், அவசரப்படாமல் அடிக்கடி வெளியே எடுத்து எடுத்துப் போடுங்கள்.

எபாக்சி போடப்போகிறீர்கள் என்றால், பூண் வாயில் துளை வாலைக் கவ்வினாற்போல் இருக்கட்டும், உள்ளே போகப்போகத் தாராளமாக இருக்கட்டும். உள்ளேயும் இறுக்கமாகச் செய்வது கைத்திறன் போலத் தோன்றும், ஆனால் அப்புறம் அலகைத் திருப்ப இடமே இருக்காது. உள்ளே 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் அதுதான் உங்கள் ஸ்டியரிங். மிச்ச இடத்தை எபாக்சி நிரப்பிக்கொள்ளும்.

பழைய முறையில் வாலைச் சூடாக்கி, ஹோ மரத்துக்குள், அதாவது மக்னோலியா வகை மரத்துக்குள், சுட்டு இறக்குவார்கள். மரம் கரிந்து வாலின் அச்சு அப்படியே பதியும். அழகான முறைதான். ஆனால் சூட்டில் இருக்கும் வால் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அந்தப் பக்கத்தை அப்படியே துளையாக்கிவிடும், திரும்பக் கேட்காது. செய்வதென்றால் அலகை ஈரத்துணியில் சுற்றி, இரண்டு மூன்று நொடி தள்ளி, உடனே வெளியே எடுத்து, நேர் பார்த்து, மறுபடி தள்ளுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிசின் ஏற்றிய மரத்தில் இதைச் செய்யவே கூடாது, புகை நஞ்சு.

பசையில்லாமல் செருகிப் பார்ப்பது

இங்கே எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. வாயின் மேல் அட்டையை எடுத்துவிட்டு, வாயின் கோடு தெரிகிற மாதிரி மாஸ்கிங் டேப் மட்டும் இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். அலகின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு வண்ண டேப்பும் ஒட்டிவிடுங்கள். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எது இடம் எது வலம் என்று குழம்பாமல் இருக்க அந்த அடையாளம் வேண்டும்.

வாலைச் செருகி, பிடியின் பின்முனையைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல்பட்டையின் பென்சில் கோட்டோடு முதுகைப் பாருங்கள். பிறகு கத்தியைக் கவிழ்த்து, கீழ்பட்டையின் கோட்டோடு வாயைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். முதுகும் வாயும் இரண்டுமே வண்ண டேப் பக்கம் ஒதுங்கினால், அலகு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. முதுகு கோட்டில் நின்று வாய் மட்டும் ஒரு பக்கம் போனால் அது முறுக்கு. முதுகு ஒரு பக்கமும் வாய் எதிர்ப்பக்கமும் போனால் அதுவும் முறுக்குதான். மேலிருந்து மட்டும் பார்ப்பவர்களுக்கு முறுக்கு தப்பிப்போவது இதனால்தான். நான் முதல் கத்தியில் விட்டதும் இதைத்தான்.

கண்ணை நம்ப முடியவில்லை என்றால், பிடியை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து மேல்பட்டையில் ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்துகொண்டு, அலகின் பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்துங்கள். இருபுறம் தீட்டிய அலகு வாயை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் எந்தப் பக்கமும் மூலைமட்டத்தோடு முழுக்க ஒட்டாது. இரண்டு பக்கத்திலும் தெரியும் இடைவெளி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். யானகிபா, தேபா போல ஒருபுறம் மட்டும் தீட்டிய கத்திகளில் கணக்கு வேறு. அவற்றின் வாய் தட்டைப் பக்கத்தோடு ஒட்டியே இருக்கும், முதுகின் நடுவுக்குக் கீழே வரவே வராது. வாயைப் பிடியின் நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் நல்ல கத்தியைக் கோணலாக்கிவிடுவீர்கள். முதுகின் நடுவை பிடியின் நடுக்கோட்டுக்கு வைத்து, முறுக்கை மட்டும் தட்டைப் பக்கத்தில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

போனில் படமெடுத்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் கிட்டே வைத்து எடுத்தால் லென்ஸே கோட்டை வளைத்துக் காட்டும். இரண்டடி மூன்றடி தள்ளி நின்று, ஜூம் போட்டு எடுங்கள்.

சரி, கோணல் தெரிந்துவிட்டது, எப்படித் திருத்துவது? பூண் வாய்தான் இங்கே தாங்குபுள்ளி. நுனி வலப்பக்கம் போகிறதென்றால், உள்ளே வாலின் கடைசி முனை இடப்பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த முனையை வலப்பக்கம் தள்ள வேண்டும். எனவே வால் முனையின் இடப்பக்கத்தில் ஒரு மெல்லிய மரச்சிம்பு வைத்து, வலப்பக்கச் சுவரைத் தேவைப்பட்ட அளவு அரத்தால் ராவுங்கள். நுனி மேலே கீழே போவதற்கும் இதே கணக்கு. முறுக்குக்கு மட்டும் பூண் வாயிலேயே வேலை: துளையின் எதிரெதிர் மூலைகளில், மேலே ஒரு பக்கம், கீழே மறுபக்கம், மிகக் கொஞ்சமாக ராவி அலகைத் திருப்புங்கள். இரண்டு தடவை ராவினால் ஒரு தடவை செருகிப் பாருங்கள். பூண் வாய் அகன்றுவிட்டால் அங்கே இடைவெளி தெரியும், அதை மறைப்பது சங்கடம்.

நுனி எவ்வளவு மேலே கீழே இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இல்லை. பிடியின் மேல்கோடு முதுகின் போக்கோடு தொடர்ந்து போனால் பார்க்க நன்றாக இருக்கும். நான் பார்வைக்கு முன்னால் விரல்களைப் பார்ப்பேன். கத்தியைப் பலகையில் வெட்டும் நிலையில் வைத்துப் பிடித்துப் பாருங்கள், விரல்முட்டி பலகையில் இடிக்கிறதா? உயரம் குறைந்த அலகில் இடிக்கத்தான் செய்யும். பிடியின் பின்பக்கத்தை ஒன்றிரண்டு டிகிரி உயர்த்தினால் 130 மி.மீ. பிடியில் பின்முனை 2 முதல் 4.5 மி.மீ. வரை எழும்பும், முட்டி தப்பிக்கும். அதற்கு மேல் உயர்த்தினால் மணிக்கட்டு வலிக்கும். நாக்கிரி போல வாய் நேராக உள்ள கத்தியில் பிடி வாய்க்கு இணையாக இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

சிம்புகளோடு எல்லாம் சரியாக நின்றதும், வால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வாலின் மேல் ஒரு துண்டு டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் இன்னொரு தடவை பாருங்கள். இரவில் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் சின்னக் கோணலை மன்னித்துவிடும்.

பசை

ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். நேர் பார்த்துத் திருத்த அரை மணி நேரமாவது தருகிற மெதுவான எபாக்சி வாங்குங்கள். பூணின் முகத்தில் டேப் ஒட்டி, துளைக்கு மட்டும் வழிவிட்டு வெட்டிக்கொள்ளுங்கள். துளைக்குள் பசையை ஊற்றும்போது ஒல்லிக் குச்சியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள், வாலிலும் தடவுங்கள். சிம்புகளை அதே இடங்களில் வைத்து, குறித்த ஆழம் வரை இறக்குங்கள். வழிந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். வினிகரும் பசையை எடுக்கும், ஆனால் கார்பன் எஃகில் கறை விழும்.

காயவைக்கும்போது கத்தியை மேசைமேல் படுக்கப்போட்டால் அலகின் எடையே மெல்ல அதைச் சாய்த்துவிடும். பிடியை வைஸில் நிமிர்த்திப் பிடித்து அலகு மேலே நிற்கட்டும், பசையும் வெளியே வழியாமல் அடியில் தங்கும். நுனிப்பக்கம் இரண்டு மரக்கட்டைகளை இருபுறமும் லேசாகத் தொட்டாற்போல் நிறுத்தினால் அலகு நகராது. கூர்மையான அலகு நிமிர்ந்து நிற்கிறது என்பதை மறக்கவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறையைப் பூட்டிவிடுங்கள். ஊற்றியவுடன் ஒரு தடவை, ஐந்தாவது நிமிடம், பதினைந்தாவது நிமிடம் என்று முதுகையும் வாயையும் பாருங்கள். பசை இறுகத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஆட்டினால் ஒட்டு உள்ளேயே விட்டுப்போகும்.

பிடியை நீங்களே செதுக்குகிறவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். மரத்தைக் கடைசி அளவுக்குக் கொண்டுவராமல் எல்லாப் பக்கமும் 2, 3 மி.மீ. தடிமனாக விட்டு, முதலில் அலகை ஒட்டிவிடுங்கள். பசை முழுக்கக் காய்ந்ததும் முதுகையும் வாயையும் பார்த்து நடுக்கோடு போட்டு, அந்தக் கோட்டைச் சுற்றிப் பட்டைகளைச் செதுக்குங்கள். துளையில் ஒரு டிகிரி பிசகியிருந்தாலும் பட்டை அலகைப் பார்த்தே வருவதால் முறுக்கு இருக்காது. அலகை அட்டையாலும் டேப்பாலும் கெட்டியாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் இதிலுள்ள தொல்லை.

கடைசியாக, வால் பூணுக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தேன்மெழுகை உருக்கி விட்டு அடைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போனால் வால் துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளக்கும். எபாக்சி முழு உறுதி அடைய அதன் உறையில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்திருந்து, அப்புறம் ஒரு கேரட்டை எடுத்து வெட்டிப் பாருங்கள்.